படிப்பு ஏறாதவர்கள்: ஒரு கோட்டின் வரலாறு

1

எங்கள் ஊரில் பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்க ஒரு வாக்கியம் போதும்: ‘அவனுக்குப் படிப்பு ஏறல.’ இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏன் ஏறவில்லை, எந்த இடத்தில் நின்றுபோனது, ஏற்றியவர் எப்படி ஏற்றினார் என்கிற கேள்விகளெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். மூட்டை ஏறவில்லை என்றால் வண்டியைப் பார்ப்போம், ஏற்றுகிற ஆளைப் பார்ப்போம். படிப்பு ஏறவில்லை என்றால் பிள்ளையை மட்டும் பார்க்கிறோம்.

எங்க அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை பெயிலாகி உட்கார்ந்திருந்தபோது, 1978இல், நான் அதே வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு எட்டு வயது, அவனுக்குப் பத்து. ‘மரம்’ என்று புத்தகத்தில் இருக்கும். அவன் ‘மாம்’ என்று படிப்பான். ‘மாமன் வீட்டுக்குப் போறாராம்’ என்று வாத்தியார் சொல்வார், வகுப்பே சிரிக்கும். ரகரத்தையும் துணைக்காலையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் அவன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று விளங்கும். அன்றைக்கு யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கத் தெரியாதவர் தலையில் வாசித்தவர் குட்ட வேண்டும். மெல்லக் குட்டினால் குட்டியவருக்கு இரண்டு விழும். நான் நன்றாக வாசிப்பேன். ‘பொட்டப்புள்ள கையால குட்டு வாங்குதியே, வெக்கமா இல்ல?’ என்று வாத்தியார் கேட்பார். நான் ஓங்கித்தான் குட்டினேன். அந்த வருசத்தோடு அண்ணன் சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனான்.

டிஸ்லெக்சியா என்ற சொல்லை நான் கேள்விப்பட்டது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாரைக் காப்பாற்ற வந்தது, யாரை வெளியே நிறுத்தியது என்று தேடிப் படித்ததன் விளைவு இக்கட்டுரை. இது ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு போலத் தோன்றும். உண்மையில் ஒரு கோட்டின் வரலாறு.

2

கதை கண் மருத்துவர்களிடம் தொடங்குகிறது. பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்புக்குப் பிறகு, பேச்சும் பார்வையும் நன்றாக இருந்தும் வாசிக்கும் திறனை மட்டும் இழந்துபோன பெரியவர்களைப் பார்த்து, 1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் அதைச் ‘சொற்குருடு’ என்றார். ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887இல் எழுதிய நூலில் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இவர்கள் பேசியதெல்லாம் வாசிக்கத் தெரிந்திருந்து பிறகு இழந்தவர்களைப் பற்றி.

வாசிக்கவே கற்றுக்கொள்ள முடியாத பிள்ளையைப் பற்றி முதலில் தெளிவாக எழுதியவர் பிரிங்கிள் மார்கன். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சீஃபோர்டில் மருத்துவம் பார்த்தவர். 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்கிற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். விளையாட்டில் சளைத்தவன் இல்லை. பெரிய பெருக்கல் கணக்குகளைத் தடுமாறாமல் போடுகிறான். ஆனால் ஏழு வருசம் சொல்லிக்கொடுத்தும் சின்னச் சொற்களைக்கூட வாசிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுகிறான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதையும் மார்கன் பதிவு செய்கிறார்.

அந்தக் குறிப்பை முதல்முறை படித்தபோது எனக்கு வந்தது பொறாமை. பெர்சிக்கு ஒரு வாத்தியார் இருந்தார். பையனிடம் இருந்ததை அவர் பார்த்தார். அவனுக்காக ஒரு மருத்துவர் எழுதினார்.

இந்தப் பையன் ஏன் 1896இல் கண்ணில் பட்டான்? அதற்கு முன்னும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஆனால் ஊரில் பெரும்பாலோர் வாசிக்காதபோது, வாசிக்க முடியாதவன் என்று ஒருவன் தனியாகத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது; 1880இல் பள்ளிக்கு வருவது கட்டாயமானது. அதற்கும் முன்பே, 1862 முதல், இன்ஸ்பெக்டர் வைக்கும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்ற முறை நடைமுறையில் இருந்தது. தேறாத பிள்ளை என்பது பள்ளிக்குப் பண நட்டம். எல்லோரையும் ஒரே வகுப்பில், ஒரே புத்தகத்தின் முன் உட்கார வைத்து, வாசிப்புக்கு விலை குறித்த பிறகுதான் ‘படிப்பு ஏறாதவன்’ என்கிற ஆள் வகையே உருவாகிறான். பள்ளிதான் அந்தக் குறையைப் பெற்றது என்று நான் சொல்ல வரவில்லை. குறை பிள்ளையின் உடம்பில் இருக்கிறது. அதைக் குற்றமாக்கியது பள்ளி.

3

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1899இல் இங்கிலாந்தில் ‘குறைபாடுள்ள’ பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. வாசிக்கத் தெரியாத பிள்ளை அங்கே தள்ளப்படும் அபாயம் எழுந்தது. கிளாஸ்கோ கண் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் அதைத் தடுக்கப் பாடுபட்டார். இப்பிள்ளைகளுக்குத் தனியாக, சிறுசிறு பாடங்களாக, பொறுமையோடு சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு வரும் என்று எழுதினார். ஆனால் அவர் காப்பாற்றிய விதத்தைக் கவனிக்க வேண்டும். 1917இல் வெளியான தன் நூலில் வாசிக்க முடியாதவர்களை வகை பிரித்தார். மற்ற எல்லாவற்றிலும் அறிவு குறையாத பிள்ளைக்கு மட்டுமே ‘பிறவிச் சொற்குருடு’ என்ற பெயர். பொதுவாகவே மந்தமான பிள்ளைக்கு வேறு பெயர். ‘இவன் மக்கு அல்ல’ என்று ஒருவனைக் கைதூக்கிவிடும் அதே வாக்கியம், பக்கத்தில் இருப்பவனை மக்கு என்று உறுதி செய்கிறது. கோடு அங்கே விழுந்தது.

கோடு போட அளவுகோல் வேண்டும். 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே தன் சோதனையை வெளியிட்டார். சாதாரண வகுப்பில் தேறாத பிள்ளைகளைக் கண்டறிந்து உதவத்தான் அது செய்யப்பட்டது. கடல் தாண்டி அமெரிக்கா போனதும் அது பிறவி அறிவை அளக்கும் தராசானது. அந்தத் தராசைச் சந்தேகித்தவர்களில் ஒருவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் ஆர்ட்டன். 1925இல் அவர் எழுதிய கட்டுரையில் பதினாறு வயதுக் கிராமத்துப் பையன் ஒருவன் வருகிறான். சோதனைப்படி அவனுக்கு ஐ.க்யூ. 71. ஆனால் மோட்டார் எந்திரத்தைப் பற்றிக் கேட்டால் பிசகாமல் விளக்குகிறான். அந்த எண் இவனுக்கு நியாயம் செய்யவில்லை என்று ஆர்ட்டன் எழுதினார். இந்த இடத்தைப் படித்தபோது கையில் கிரீசோடு வீல் பெண்டு எடுத்துக்கொண்டிருக்கும் அண்ணன்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தான்.

ஆர்ட்டனோடு வேலை செய்த அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும் பெஸ்ஸி ஸ்டில்மனும் 1930களில் ஒரு பாடமுறையை உருவாக்கினார்கள். எழுத்தைக் கண்ணால் பார், அதன் ஒலியை வாயால் சொல், காதால் கேள், விரலால் வரை. எல்லாம் ஒரே நேரத்தில். எளிதிலிருந்து கடினத்துக்கு, ஒன்று படிந்த பிறகே அடுத்தது. இன்றும் ஆர்ட்டன்–கில்லிங்காம் என்ற பெயரில் உலகமெங்கும் பயிற்சி நடக்கிறது.

ஆனால் ஆர்ட்டனின் சந்தேகம் வரையறைகளுக்குள் போகவில்லை. 1968இல் உலக நரம்பியல் கூட்டமைப்பு வரையறுத்தது: வழக்கமான கல்வி, போதிய அறிவுத்திறன், சமூக–பண்பாட்டு வாய்ப்பு இவ்வளவும் இருந்தும் வாசிக்க முடியாவிட்டால் அது டிஸ்லெக்சியா. அந்த நிபந்தனைகளைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். போதிய வாய்ப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்க முடியாது. ஐந்து வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருந்த பள்ளியில் படித்தவனுக்கு இருக்க முடியாது. எங்க அண்ணனுக்கு இருக்கவே முடியாது. அவன் வாசிக்காததற்கு ஏழ்மை காரணமாக இருக்கலாம், சாதி காரணமாக இருக்கலாம், மந்தம் காரணமாக இருக்கலாம். அந்தச் சொல் மட்டும் அவனுக்குக் கிடையாது.

4

இனி நம் பக்கம் வருகிறேன். குட்டு வைக்கும் அந்த வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

நம்முடைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியபடியே எழுத்தை உரக்கச் சொல்லிப் படித்தார்கள். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவன் சட்டாம்பிள்ளை. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், இப்படி ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளிக்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக்கினார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. குறைந்த செலவில் நிறையப் பேரைப் படிக்கவைக்கும் எந்திரமாக அங்கே அது பயன்பட்டது.

எழுத்தைத் தொட்டு, சொல்லி, கேட்டு எழுதுகிற மணலும் நம்மிடம் இருந்தது. தெரிந்தவனைத் தெரியாதவனுக்கு மேலாளாக நிறுத்தும் சட்டாம்பிள்ளையும் நம்மிடம் இருந்தான். இன்றைக்குச் சிறப்புப் பயிற்சி மையங்களில் மணல் தட்டு ஒரு கல்விக் கருவி. நம் அரசுப் பள்ளி வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது சட்டாம்பிள்ளையின் கை. எட்டு வயதில் நான் அந்தக் கையாக இருந்தேன்.

திண்ணைப் பள்ளியைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அங்கேதான் இருந்தது. சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. 1860களில் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் வந்தது. மணல் போய்ப் பலகை வந்தது, புத்தகம் வந்தது, இன்ஸ்பெக்டர் வந்தார். ‘ஏறல’ என்பதற்கு அரசாங்கக் கணக்கும் வந்தது.

இங்கிலாந்தில் ஐ.க்யூ. செய்த வேலையை இங்கே சாதி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, கடும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. திட்டம் போனது, சிந்தனை போகவில்லை. ஒரு சாதிப் பிள்ளை வாசிக்கத் திணறினால் ‘என்ன பிரச்சினைன்னு பாருங்க’ என்பார்கள். இன்னொரு சாதிப் பிள்ளை திணறினால் ‘அவங்களுக்கு எங்க வரும்’ என்பார்கள். முதலாவது பிள்ளைக்கு நோய். இரண்டாவது பிள்ளைக்கு இயல்பு.

5

இந்தக் கணக்கில் நம்முடைய பங்கும் உண்டு. தோழர்கள் கோபப்படக்கூடாது.

பிரிட்டனில் டிஸ்லெக்சியாவை ‘நடுத்தர வர்க்கத்தின் நோய்’ என்று கேலி செய்வது நெடுநாள் வழக்கம். வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளையின் மந்தத்துக்குச் சூட்டிக்கொண்ட அழகான பெயர் என்பது குற்றச்சாட்டு. நம் ஊரிலும் இதைக் கேட்டிருக்கிறேன்: ‘அதெல்லாம் கான்வென்ட் பிள்ளைங்களுக்கு வர்ற வியாதி தோழர்.’ பேசியவர் ஏழைகளின் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்தார். ஆனால் 1968 வரையறை சொன்னதைத்தான் அவரும் சொன்னார்: இது ஏழைப் பிள்ளைக்குக் கிடையாது.

1990களின் தொடக்கத்தில் நான் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். தெருவிளக்கடியில் பெண்களைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். பலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் பஸ்ஸில் ஊர்ப் பெயர் படித்தார்கள். அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு மையத்திலும் ஒன்றிரண்டு பேர் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருவார்கள். மூன்று மாதம் கழித்தும் அதே முதல் பாடத்தில் நிற்பார்கள். ஒருநாள் வராமல் போவார்கள். அலுப்பு, வறுமை, புருசன் விடவில்லை என்று நோட்டில் எழுதினோம். வேறொரு காரணமும் இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 1991இல் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் நாங்கள் தெருவில் நின்றோம். அங்கே தெரிந்தது எங்கள் தெருவிளக்கு வரை வந்து சேரவில்லை; நாங்களும் போய்க் கேட்கவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். ‘யாருட்ட வேணாலும் படிப்பேன், ஒங்கிட்ட மட்டும் படிக்க மாட்டேம்ளா’ என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

6

அறிவியல் இதற்குள் வேறு இடத்துக்குப் போயிருந்தது. சிக்கல் கண்ணில் இல்லை, பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது என்பது 1970களிலிருந்து தெளிவாகிவந்தது. பேச்சில் ஒட்டியிருக்கும் ஒலிகளைப் பிரித்து உணர்வதும், ஒலியையும் எழுத்தையும் சட்டென்று இணைப்பதும் இப்பிள்ளைகளுக்குக் கடினம். 1983இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் நேச்சர் இதழில் எழுதினார்கள்: 65 பிள்ளைகளைப் பிரித்து இரண்டு வருசம் பயிற்சி கொடுத்ததில், ஒலிகளை இனம் பிரிப்பதையும் பிளாஸ்டிக் எழுத்துக்களோடு அதை இணைப்பதையும் சேர்த்துக் கற்றவர்களே வாசிப்பில் அதிகம் முன்னேறினார்கள். 2001இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளைச் சேர்ந்த டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டது. எழுத்துக்கும் ஒலிக்கும் நேரான உறவுள்ள இத்தாலிய மொழியில் வாசிப்பவர்கள் பிழை குறைவாக வாசித்தார்கள். ஆனால் மூளையில் தெரிந்த வேறுபாடு மூவருக்கும் ஒன்றுதான்.

நமக்கு இது முக்கியம். ‘தமிழ் எழுதுவது போலவே வாசிக்கிற மொழி, இதில் யாருக்கும் சிரமம் வராது’ என்ற பெருமைப் பேச்சுக்கு இது பதில். தமிழில் பிள்ளை தப்பாக வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசித்தே பின்தங்கக்கூடும். அதோடு நம் எழுத்துக்கென்றே சில முடிச்சுகள் உண்டு. 247 எழுத்து. ‘கொ’ என்பதில் நாக்கு முதலில் சொல்வது க். கண் முதலில் பார்ப்பது கொம்பு. ‘கௌ’ என்பதில் கடைசியாக நிற்பது ளகரமா, உயிர்க்குறியா என்று உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ககரம் ஒன்றே ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்று மூன்று விதமாக ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளை பேசுவது ‘வந்துச்சு’, புத்தகத்தில் இருப்பது ‘வந்தது’. வீட்டில் ‘பளம்’ என்று சொல்கிற பிள்ளையின் பேச்சே பிழை என்று தொடங்கும் வகுப்பறையில், தன் காதை நம்பக்கூடாது என்பதுதான் பிள்ளை கற்கும் முதல் பாடம். ஒலியைப் பிடித்து எழுத்துக்கு வர வேண்டிய பிள்ளையிடம் ஒலியையே பிடுங்கிவிடுகிறோம்.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் தும்பிக்கை போனது. கற்பவருக்கு நல்லதுதான். அண்ணனுக்கு மட்டும் அந்தத் தும்பிக்கை பிடித்திருந்தது. மற்ற எழுத்துகளோடு குழம்பாமல் அவன் அடையாளம் கண்டது அதைத்தான்.

இன்னொரு கண்டுபிடிப்பு கோட்டையே தொட்டது. 1989இல் கனடாவைச் சேர்ந்த லிண்டா சீகல், வாசிப்புக் குறையை வரையறுக்க ஐ.க்யூ. தேவையே இல்லை என்று வாதிட்டார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளில் ஐ.க்யூ. கூடியவரும் குறைந்தவரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். 2009இல் பிரிட்டிஷ் அரசுக்கு ஜிம் ரோஸ் அளித்த அறிக்கை, டிஸ்லெக்சியா எல்லா அறிவுத்திறன் அளவுகளிலும் உண்டு என்றது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும், ஐ.க்யூ.வுக்கும் வாசிப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது. ஒரு நூற்றாண்டு காலம் ‘கெட்டிக்காரனையும்’ ‘மக்கையும்’ பிரித்து வைத்த கோட்டுக்கு, குறைந்தபட்சம் வாசிப்பைப் பொறுத்தவரை, ஆதாரம் இல்லை.

7

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. இது போராடிப் பெற்றது, பெரிய விசயம். ஆனால் 2018 ஜனவரியில் அதற்கு வெளியான வழிகாட்டுதலில், ஐ.க்யூ. 85க்கு மேலே இருந்தால்தான் அடுத்த சோதனை. கோடு திரும்பவும் வந்துவிட்டது.

2019இல் அண்ணனின் பேரனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாசிப்பு வரவில்லை. இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்பது எனக்கு அதற்குள் தெரியும். சான்றிதழுக்கு அழைத்துப்போனோம். ஒரு நாள் கூலி, பஸ், காத்திருப்பு. முடிவு: 82. ‘மூணு மார்க்குல பெயிலாக்கிட்டாங்களா?’ என்று அண்ணன் கேட்டான். அது பரீட்சை இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதுதான் சரி.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஓர் ஆள், மொழித்தாள் விலக்கு எல்லாம் அதைக் கொண்டுதான் கிடைக்கின்றன; அவை உரிமை. ஆனால் சலுகை வேறு, கற்பித்தல் வேறு. விலக்கு வாங்கிக்கொண்ட பிள்ளையும் வாசிக்கக் கற்க வேண்டும். வாசிக்கச் சொல்லிக்கொடுக்க எந்தச் சோதனையும் தேவையில்லை. ஒலியைப் பிரித்துக் காட்டுவது, கையைத் தட்டி அசை எண்ணுவது, 247ஐயும் சுவரில் மாட்டி வரிசையாக ஒப்பிக்கவைக்காமல் ட, ப, ம என்று சில எழுத்துகளில் தொடங்கிப் ‘படம்’, ‘பட்டம்’ எனச் சொல்லாக்குவது, பிள்ளையின் பேச்சிலிருந்து புத்தகத் தமிழுக்கு வருவது, தினமும் சிறிது நேரம், அடியில்லாமல், கேலியில்லாமல். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இது இல்லாமல் முடியாது. இல்லாத பிள்ளைக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. அப்படியானால் வாசலில் எதற்கு ஒரு காவல்காரர்? முதல் வகுப்பிலிருந்து ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், இதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க முடியும். ‘எங்கள் பிள்ளை மக்கு இல்லை’ என்ற கோரிக்கை போதாது. மக்கு என்று யாரும் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பேரனுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். தாம்பாளத்தில் ஆற்று மணல். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்து. ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. இப்போது மெதுவாக, விரல் வைத்து, படிக்கிறான். வேகம் வராது போலிருக்கிறது; பரவாயில்லை.

முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் அவன் ரகரமும் துணைக்காலும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தான். ரகரத்துக்குக் கீழே ஒரு வால் இழுக்கச் சொல்லியிருந்தேன். அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ‘இந்த வால எனக்கு யாரும் காட்டல’ என்றான். குட்டியதைப் பற்றி அவனிடம் நான் அதுவரை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.